இரைப்பைப் புற்றுநோயும் உடல் பருமனும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இரைப்பைப் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் உடல் எடையைத் தொட்டே கேட்டிருந்தன. அவற்றை மட்டும் தனியே எடுத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. உயரம் 165 செ.மீ. இப்போது எடை 84 கிலோ; ஆறு மாதங்களுக்கு முன்பு 91 கிலோ இருந்தார். சர்க்கரை நோயும் உண்டு. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. அறுவை சிகிச்சை மருத்துவர், "உடம்பு கனமாக இருப்பதால் ஆபரேஷன் கொஞ்சம் சிரமமாக இருக்கும்" என்றார். அதைக் கேட்ட நாள் முதல் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. பருமனைக் காரணம் காட்டி ஆபரேஷனையே மறுத்துவிடுவார்களா?

பதில்: பருமனாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க மாட்டார்கள். அவர் சொன்ன சிரமம் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்பவருக்கான சிரமம். அது எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி குறையும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையை வெட்டி எடுப்பது பாதி வேலைதான். இரைப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒட்டி நிணநீர்க் கணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. புற்றுநோய் முதலில் பரவும் இடங்களில் அவை முக்கியமானவை என்பதால், அவற்றையும் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து வழித்து எடுத்தாக வேண்டும். மருத்துவர்கள் டி2 என்று குறிப்பிடுவது இதைத்தான். ஒல்லியானவருக்கு வயிற்றைத் திறந்தால் தமனி துடிப்பதையே கண்ணால் பார்க்கலாம். பருமனானவருக்கோ எல்லாம் மஞ்சள் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். அதிலும் கணையத்தின் மேல் விளிம்புதான் மிகவும் சங்கடமான இடம். கணையமும் மஞ்சள், அதன்மேல் படிந்திருக்கும் கொழுப்பும் மஞ்சள். கொழுப்பு பளபளவென்று வழுக்கும். கணையம் லேசாக வெளிறி, சிறு சிறு மணிகள் கோத்ததுபோல் இருக்கும். அந்த இம்மியளவு நிற வேறுபாட்டை நம்பித்தான் கத்தி நகர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கொழுப்பு கிழிந்து ரத்தம் கசியும்; ரத்தம் பரவினால் அந்த நிற வேறுபாடும் மறைந்துபோகும். போதாக்குறைக்கு, கொழுப்பேறிக் கனத்த கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டு தொங்கும்; அதை ஒருவர் தூக்கிப் பிடித்தபடியே நிற்க வேண்டும்.

இதனால்தான் பருமனானவர்களுக்கு நேரம் கூடுதலாகிறது, ரத்த இழப்பும் கூடுகிறது. ஜப்பானில் 24 மருத்துவமனைகளில் 523 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில் டி2 முறையையும் அதைவிட விரிவான கணு நீக்கத்தையும் ஒப்பிட்டார்கள். அதே நோயாளிகளின் விவரங்களை எடை அடிப்படையில் பிரித்துப் பார்த்து 2007இல் வெளியிட்டபோது, உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ, 25க்கு மேல் இருந்தவர்களுக்கு டி2 அறுவையில் சிக்கல்கள் அதிகம் என்று தெரியவந்தது. ஆனால் அதே ஆய்வில் அறுவை சிகிச்சையை ஒட்டி இறந்தவர்கள் மொத்தத்தில் 0.8 சதவீதம் மட்டுமே என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தேர்ந்த கைகளில், நன்றாகக் கவனிக்கும் மருத்துவமனையில், சிக்கல் வருவதும் உயிர் போவதும் ஒன்றல்ல.

சிக்கல்கள் என்னவென்றால், கணையத்தில் சிறு காயம் பட்டாலும் அதன் சாறு வயிற்றுக்குள் கசிந்து சீழ் கட்டலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றிலிருந்து வரும் குழாயில் வடியும் நீரை எடுத்து, கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதியின் அளவைப் பார்ப்பது இதற்காகத்தான். மூன்றாம் நாளிலும் அது ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு உண்டா என்று தீவிரமாகப் பார்ப்பார்கள். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதாலும் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதாலும் தையல் போட்ட இடத்தில் கிருமித் தொற்று வர வாய்ப்புண்டு. படுக்கையில் கிடக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கலாம். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். இரைப்பைப் புற்றுநோயே ரத்தம் உறைவதைத் தூண்டும் நோய்களில் முன்வரிசையில் இருப்பது, அதன்மேல் எடையும் சேர்கிறது. எனவே உறைவைத் தடுக்கும் ஊசியை வீடு திரும்பிய பிறகும் மொத்தம் நான்கு வாரங்கள் வரை போடச் சொன்னால், எதற்கு இத்தனை ஊசி என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்பா இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுபவர் என்றால் அதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பலர் இதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது 84 அல்ல. 91 என்ற எண். அவருடைய பிஎம்ஐ இன்றும் 30.9 வருகிறது, பார்ப்பவர்களுக்கு அவர் குண்டானவர்தான். ஆனால் ஆறு மாதத்தில் ஏழு கிலோ, அதாவது கிட்டத்தட்ட எட்டு சதவீத எடை, அவர் விரும்பாமலே போயிருக்கிறது. ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே அது ஊட்டச்சத்துக் குறைவுக்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்வோம். தொப்பையோடு இருக்கும் ஒருவர் சத்துக் குறைவோடும் இருக்கலாம் என்பது வீட்டாருக்கு மட்டுமல்ல, சில சமயம் எங்களுக்கும் எளிதில் உறைப்பதில்லை. அடுத்த முறை போகும்போது இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் தம்பியின் பிஎம்ஐ 24தான். ஆனாலும் சிடி ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் "உள்ளே கொழுப்பு நிறைய இருக்கிறது" என்கிறார். இது எப்படி?

பதில்: எடைப் பொறிக்குக் கொழுப்பு, தசை, எலும்பு என்ற பேதம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும். இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு வேறு, குடலையும் கணையத்தையும் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு வேறு. அறுவை சிகிச்சை மருத்துவர் நேருக்கு நேர் சந்திப்பது இரண்டாவதைத்தான். தொப்புள் மட்டத்தில் எடுத்த ஒரே ஒரு சிடி படத்தில் இந்த உட்கொழுப்பின் பரப்பை அளந்துவிடலாம். ஜப்பானில் 100 சதுர செ.மீ.க்கு மேல் இருந்தால் உட்பருமன் என்கிறார்கள். பொதுவாக ஆண்களுக்கு உள்ளேயும் பெண்களுக்கு வெளியேயும் அதிகம் சேரும். ஆகவே ஒரே பிஎம்ஐ உள்ள கணவன் மனைவி இருவரில் கணவருக்கு அறுவை கடினமாகவும் மனைவிக்கு எளிதாகவும் அமைவது எங்களுக்குப் பழகிய காட்சி. ஆசிய மக்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே உட்கொழுப்பு சேர்ந்துவிடுகிறது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 25, 30 என்ற பொதுவான எல்லைகளோடு 23, 27.5 என்ற எல்லைகளையும் ஆசியர்களுக்காகச் சேர்த்துச் சொன்னார்கள். உங்கள் தம்பிக்கு 24 என்பது அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய எண்தான்.

கேள்வி: இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் பருமனானவர்களே மெலிந்தவர்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்று படித்தேன். என் கணவர் சிகிச்சைக்கு முன்பே மிகவும் மெலிந்துவிட்டார். அப்படியானால் அவருக்கு ஆயுள் குறைவு என்றா அர்த்தம்?

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் சரியில்லை. பருமன் முரண் என்று மருத்துவ உலகில் ஒரு தொடர் உண்டு: நோய் வரக் காரணமாகும் பருமனே, நோய் வந்த பிறகு காப்பதுபோல் சில கணக்குகளில் தோன்றும். நான் இதை நேரடியாக நம்புபவன் அல்ல. காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

இரைப்பைப் புற்றுநோய் முற்ற முற்றச் சாப்பாடு இறங்காது, பசி செத்துவிடும், உடம்பு உருகும். அறுவைக்கு வரும் நாளில் எடுத்த எடையை வைத்துப் பிரித்தால், மெலிந்தவர்கள் என்ற கூட்டத்தில் நோய் முற்றியதால் மெலிந்தவர்களும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். குண்டானவர்கள் கூட்டத்தில் நோய் இன்னும் உடம்பைக் கரைக்காதவர்கள் அதிகம் இருப்பார்கள். பிறகு எந்தக் கூட்டம் நீண்ட நாள் வாழும் என்று கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மிகவும் பருமனாக, இதய நோயும் சேர்ந்து, மயக்க மருந்தைத் தாங்க மாட்டார் என்று கருதப்பட்டவர்கள் அறுவை மேசைக்கே வருவதில்லை. ஆய்வுக் கணக்கில் இருப்பவர்கள் வடிகட்டி எடுக்கப்பட்ட, ஓரளவு திடமான பருமனானவர்கள்.

அதற்காக அந்தக் கணக்கு முழுக்க மாயை என்றும் ஒதுக்க மாட்டேன். இரைப்பை போன பிறகு பல மாதங்களுக்கு உடம்பு தன் கையிருப்பைத்தான் தின்று வாழ்கிறது. கையிருப்பு உள்ளவருக்கு அது ஒரு தெம்பு. ஆனால் அந்தக் கையிருப்பில் உண்மையான செல்வம் தசை, கொழுப்பு அல்ல. பருமனாக இருந்தும் தசை வற்றிப்போனவர்கள் இருக்கிறார்கள்: வயிறு முன்னே நிற்கும், கையும் தொடையும் குச்சியாக இருக்கும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. அறுவையையும் அதற்குப் பிந்தைய மருந்துகளையும் தாங்க மிகவும் திண்டாடுவது இவர்கள்தான். பிஎம்ஐ கணக்கிலோ இவர்களும் பருமனானவர்களோடு சேர்ந்து மறைந்துவிடுகிறார்கள்.

ஆயுளைத் தீர்மானிப்பதில் முதலிடம் நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதற்கு. அடுத்தது, கட்டி விளிம்பில் மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டதா, கணுக்கள் முறையாக நீக்கப்பட்டனவா என்பது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். குறைவாகக் கணு நீக்கியவர்களில் 4 சதவீதமும், விரிவாக நீக்கியவர்களில் 10 சதவீதமும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். முதலில் பார்த்தபோது விரிவான அறுவை வீண் என்றே தோன்றியது. ஆனால் 15 ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவாக நீக்கிய பிரிவில் 48 சதவீதம், விரிவாக நீக்கிய பிரிவில் 37 சதவீதம். பருமன் ஆயுளைத் தொடும் வழிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கொழுப்புக்குள் கணுக்களை முழுதாக எடுக்க முடியாமல் போனாலும், சிக்கலால் அடுத்த கீமோ தள்ளிப்போனாலும் அது பின்னால் வந்து நிற்கும். அதைத் தவிர்த்துவிட்டால் பருமனானவரின் ஆயுளும் மற்றவர் ஆயுளும் பல ஆய்வுகளில் பெரிதாக வேறுபடவில்லை.

கணு எண்ணிக்கை பற்றி ஒரு இடைக்குறிப்பு. வெட்டி எடுத்த கொழுப்பை மேசையில் பரப்பி, விரல் நுனியால் தடவித் தடவிக் கணுக்களைத் தேடி எடுப்பது நோய்க்குறியியல் ஆய்வகத்தில் நடக்கும் பொறுமையான வேலை. சில கணுக்கள் கடுகளவுதான் இருக்கும். கொழுப்பு அதிகமாக இருந்தால் உள்ளதும் கைக்குத் தட்டுப்படாமல் போகும். நோயின் கட்டத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. 30 என்றால் இன்னும் நல்லது. உங்கள் கணவரின் அறிக்கையில் எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, எத்தனையில் நோய் இருந்தது என்று இரண்டு எண்கள் இருக்கும். அவருடைய பிஎம்ஐயைவிட அந்த இரண்டு எண்களும் அவருடைய எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லும். மெலிந்திருப்பதற்கு மருந்து, மீண்டும் சத்து ஏற்றுவதுதான். அதை இன்றே தொடங்கலாம்.

கேள்வி: அறுவைக்கு மூன்று வாரங்கள் இருக்கின்றன. உடம்பைக் குறைத்தால் டாக்டருக்குச் சுலபமாக இருக்கும் என்று என் அண்ணன் ஒரு வேளை மட்டுமே சாப்பிடுகிறார். தடுக்கலாமா?

பதில்: உடனே தடுங்கள். மூன்று வாரப் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். ஏற்கெனவே எடை இழந்துகொண்டிருக்கும் புற்றுநோயாளிக்கு இது நாமே செய்யும் தீங்கு. கடுமையான சத்துக் குறைவு இருந்தால் அறுவையை 7 முதல் 14 நாட்கள் தள்ளிவைத்தாவது ஊட்டம் கொடுங்கள் என்பதே ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல். நாம் அதற்கு நேர் எதிராகப் போகக் கூடாது. எடை கொஞ்சமும் குறையாத, மிகவும் பருமனான சிலருக்குப் புரதம் குறையாமல் கலோரி மட்டும் குறைந்த உணவைச் சில வாரங்கள் கொடுத்துக் கல்லீரலையும் உட்கொழுப்பையும் சுருக்கப் பார்ப்பதுண்டு. ஆனால் அது உணவியல் நிபுணரின் நேரடி மேற்பார்வையில் நடப்பது. வீட்டில் நாமாக முடிவு செய்வதல்ல.

அண்ணனுக்கு இந்த மூன்று வாரத்தில் செய்ய வேறு வேலைகள் இருக்கின்றன. தினமும் லேசாக மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கட்டும். மூன்று பந்துகளை மேலே எழுப்பும் அந்தச் சிறிய மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே பழகட்டும். ஆபரேஷன் முடிந்து வலியோடு கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரட்டும். புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். நான்கு வாரம் இருந்தால் மிகவும் நல்லது, மூன்று வாரமும் வீண் போகாது.

கேள்வி: பருமனானவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி ஏற்றதா?

பதில்: சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் இந்த முறையில் பெரிய வெட்டுக் காயம் இல்லை என்பதால் காயத் தொற்றும் வலியும் குறைகின்றன, அந்த வகையில் பருமனானவருக்கே அதிக லாபம். தென் கொரியாவில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் 1,416 பேரிடம் நடந்த ஆய்வில் சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 13 சதவீதம், திறந்த அறுவையில் 19.9 சதவீதம், ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கொழுப்பு நிறைந்த வயிற்றில் கருவியை வைத்து வேலை செய்வது கடினம் என்பதால், செய்பவர் இதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பது முறையைவிட முக்கியம். தயங்காமல் கேளுங்கள். நடுவில் திறந்த அறுவைக்கு மாற்ற நேர்ந்தால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மா 98 கிலோ. கீமோ மருந்தை உடல் எடைக்கு ஏற்பக் கொடுத்தால் அளவு மிக அதிகமாகிவிடாதா? குறைக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். முன்பு பலர் இப்படிப் பயந்து அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் பருமனானவர்களுக்கு மருந்து போதாமல் போனது. குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும்போது உண்மையான எடையை வைத்தே முழு அளவையும் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இலேயே வழிகாட்டியது. பக்கவிளைவு வந்தால் எல்லோருக்கும் குறைப்பதுபோல் அம்மாவுக்கும் குறைப்பார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு எடையைப் புதிதாகப் பார்க்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பருமனால்தான் எனக்கு இந்த நோய் வந்ததா?

பதில்: கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் மேல் வாயில் வரும் புற்றுநோய்க்குப் பருமன் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உறுதியாக வகைப்படுத்தியது. அமிலம் மேலேறுவது அதற்கு ஒரு வழி. கீழ்ப்பகுதியில் வரும் புற்றுநோய்க்கு முதல் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. எப்படியானாலும், இப்போது உங்கள் சிகிச்சையை மாற்றப்போகும் கேள்வி இது அல்ல.

கேள்வி: முழு இரைப்பையையும் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. 92 கிலோ இருந்த என் கணவர் இப்போது 77 கிலோ. சர்க்கரை மாத்திரையும் குறைந்துவிட்டது. உறவினர்கள் "நோய் போனதோடு தொப்பையும் போயிற்று" என்று மகிழ்கிறார்கள். நானும் மகிழலாமா?

பதில்: சர்க்கரை குறைந்ததற்கு மகிழுங்கள். எடைக்கு மகிழ வேண்டாம். இரைப்பை நீக்கத்துக்குப் பிறகு 10 முதல் 20 சதவீதம் வரை எடை குறைவது வழக்கம்தான். உங்கள் கணவர் இழந்த 15 கிலோ ஏறக்குறைய 16 சதவீதம். ஆனால் அதில் தொப்பை எவ்வளவு, தொடைத் தசை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவருக்கு இனி கீமோ மாத்திரை பாக்கி இருந்தால் இது இன்னும் முக்கியம். ஜப்பானில் 1,059 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிறகு ஓராண்டு எஸ்-1 என்ற கீமோ மாத்திரை எடுத்தவர்களில் மூன்றாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 80.1 சதவீதம், எடுக்காதவர்களில் 70.1 சதவீதம். அந்தப் பத்து சதவீத லாபம் மாத்திரையை விடாமல் எடுக்க முடிந்தால்தான் கிடைக்கும். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்திலேயே 15 சதவீத எடையை இழந்தவர்கள் அந்த மாத்திரையைத் தொடர முடியாமல் பாதியில் நிறுத்துவது அதிகம் என்று வேறோர் ஆய்வு காட்டியது. முன்பு பருமனாக இருந்தவர் என்பதற்காக இந்த அபாயம் தள்ளுபடி ஆவதில்லை.

எனவே ஒரு நாளைக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்; ஒவ்வொரு முறையும் புரதம் இருக்கட்டும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, வயிறு புரட்டினால் உணவு குடலுக்குள் வேகமாக இறங்குகிறது என்று பொருள். இனிப்பைக் குறைத்து, தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவரிடம் சரிபாருங்கள். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழக்கூடும். வாரம் ஒரு நாள், காலையில், ஒரே பொறியில் எடை பார்த்து எழுதி வையுங்கள்; தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். முழு இரைப்பையும் போய்விட்டதால் பி12 உடம்பில் சேராது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் இப்போது ஒரு குறையும் தெரியாது. மருத்துவமனையிலிருந்து தந்த சீட்டில் பி12 ஊசி எழுதியிருக்கிறதா என்று இன்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.